குதிரைலாயச் சந்தில் ஒரு வரிசை

மார்ல்வெல்லில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் யாரும் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை. நின்று, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொள்வார்கள். முன்னூறு வருஷமாக அந்த நாற்றத்தை வைத்துத்தான் ஊர் பிழைக்கிறது. கீல்வாதம் வந்த கோமகன்கள், தூக்கம் வராத சீமாட்டிகள், சீட்டாடித் தோற்ற தளபதிகள் என்று யார் யாரோ வந்து, ஊர் மண்டபத்தில் கந்தகம் கலந்த ஊற்றுநீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் தன் வீட்டு அடுப்படியிலும் அதே நாற்றம் கிளம்பியபோது வில்ஃப் டேப்லிக்கு ஒன்றுதான் தோன்றியது: குழாய் ரிப்பேர்காரனைக் கூப்பிட வேண்டும். பிறகு நடந்ததற்கெல்லாம் அவருடைய இந்த ரசனைக் குறைவுதான் காரணம் என்று, ஊரின் சுற்றுலா இடங்களை நடத்தும் மார்ல்வெல் பார்வையிடக் கழகம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது.

வில்ஃப் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வரிசையில் நிற்கிற ஜனங்களை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்த்துப் பழகியவர். குதிரைலாயச் சந்தில் இருந்த அவர் வீடு, அந்த ஊரில் பாதி வீடுகளைப் போலவே, கழகத்துக்குச் சொந்தமானது. அதில் அவரும் மனைவி பெரிலும் வாடகைக்குக் குடியிருந்தார்கள். நாற்றம் கிளம்புவதற்கு முந்தைய மாதம் பெரில் 'கோமகள் வழுக்கிய படி' என்ற புகழ்பெற்ற படியில் தானும் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். கோமகள் வழுக்கியதற்குக் கழகம் அங்கே பித்தளைத் தகடு பதித்திருக்கிறது, கைப்பிடி வைக்கவில்லை. வைத்தால் வரலாற்று உண்மை கெட்டுவிடுமாம்.

ஆஸ்பத்திரியில் இடுப்பைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இனி கொஞ்ச காலம் மாடிப்படி ஏறவே கூடாது. முன்னறையில் கட்டில் போட்டு, பக்கத்திலேயே அடுப்படியும் இருந்தால் வீட்டுக்கு அனுப்புவார். இல்லாவிட்டால் அடுத்த மாவட்டத்தில் இருக்கும் பராமரிப்பு இல்லம்தான். அந்த இல்லத்துக்குப் போன தன் அக்கா திரும்பி வரவில்லை என்பதை பெரில் மறக்கவில்லை, வில்ஃபும் மறக்கவில்லை. மாடியிலிருந்து கட்டிலைத் தனியாளாக இறக்கி, முன்னறையில் போட்டு, அவளுக்குப் பிடித்த நீலப் போர்வையை விரித்து வைத்தார். பாக்கி இருந்தது அடுப்படித் தரை மட்டும்தான். கற்பாளங்களின் இடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது.

ரிப்பேர்காரன் டெஸ் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து கதவைத் தட்டினான். வில்ஃப் அப்போது மேலே சவரம் செய்துகொண்டிருந்தார். டெஸ் காத்து நின்றான். அவனுக்குப் பின்னால் பார்சலோடு தபால்காரர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பெரிலின் உடம்பை விசாரிக்கப் பக்கத்து வீட்டு மிஸஸ் பைக், கையில் ஆட்டிறைச்சிப் பையுடன் வந்து நின்றாள். மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் படாமல், நடுவில் ஒரு கை இடைவெளி விட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். வரிசைக்கு உயிரை விடும் இங்கிலாந்தில் இது போதும். சந்து முனையில் வழி தவறி இறங்கிய லீட்ஸ் நகரத்து ஓய்வூதியக்காரர்கள் அந்த மூன்று முதுகுகளையும் பார்த்தார்கள். அதற்குமேல் அவர்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

முகத்தில் பாதி நுரையோடு வில்ஃப் கதவைத் திறந்தபோது, வரிசை சந்தின் கோடி வரை போய் வளைந்திருந்தது.

"யார் டெஸ் இவங்கெல்லாம்?"

"எனக்குப் பின்னால வந்தவங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மழைக்கோட்டு போட்ட ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "தொறந்தாச்சா? காலணிய கழட்டணுமா, வேண்டாமா?"

வீட்டில் ஒன்றும் இல்லை, போய்விட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வில்ஃப் வாயைத் திறந்தார். ஆனால் இத்தனை நேரம் ஒழுங்காக நின்றவர்களிடம், நீங்கள் நின்றது வீண் என்று சொல்வதற்கு அவருக்கு மனசு வரவில்லை. பேருந்தில் இடமில்லாமல் விட்டுவிட்டுப் போன முகங்கள் இன்னமும் அவர் கனவில் வரும். "காலணி பரவாயில்லை," என்றார்.

அவர்கள் உள்ளே வந்து, முன்னறையைச் சுற்றிப் பார்த்து, நீலப் போர்வையைத் தடவிப் பார்த்து, அடுப்படிக்குள் நுழைந்தார்கள். டெஸ் ஒரு பாளத்தைப் பெயர்த்துவிட்டு, முழங்காலிட்டு, குழிக்குள் தலையை விட்டிருந்தான்.

"இந்தா, மேவிஸ், மோந்து பாரு," என்றார் ஒருவர் மனைவியிடம். "இதுதான் நெசமான நாத்தம். மண்டபத்துல குடுத்தாங்களே, அது சும்மா உப்புத்தண்ணி."

"அந்த ஆளு ஏன் முட்டி போட்டிருக்காரு?"

"கும்பிடறாரு போல."

"குழாய் தேடறேம்மா," என்றான் டெஸ், குழிக்குள்ளிருந்து.

"பாத்தியா, பழைய வழக்கத்தை இன்னும் விடாம வச்சிருக்காங்க," என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மேவிஸ் ஒரு நாணயத்தைக் குழியில் போட்டாள். அது டெஸ்ஸின் பிடரியில் விழுந்தது.

எங்கே வரிசை நின்றாலும் மிஸ் பெனலபி க்ரூவுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அவள் கழகத்தின் பார்வையாளர் அனுபவ அதிகாரி. மத்தியானத்துக்குள் வந்துவிட்டாள். வந்தவள் முதலில் டெஸ்ஸின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள்.

"கையை எடுங்க. ஊற்றைத் தொடக்கூடாது."

"ஊத்தா? மேடம், சுவத்துக்கு அந்தாண்ட உங்க கழகத்தோட டீக்கடை இருக்கு. அங்கேருந்து சாக்கடைதான் கசியுதுன்னு நெனைக்கிறேன். நாள் முழுக்க முட்டை வேக வைக்கிறாங்க."

"உங்க அபிப்பிராயத்தை மதிக்கிறேன்," என்றாள் பெனலபி. அபிப்பிராயங்களை மதிப்பதற்கு அவள் தனிப் பயிற்சி எடுத்திருந்தாள். "ஆனா வெளியில நிக்கிறவங்க சாக்கடையைப் பாக்க நிக்கல இல்லையா? மிஸ்டர் டேப்லி, வாழ்த்துக்கள். தொலைஞ்சுபோன ஆறாவது ஊற்று உங்க வீட்ல கிடைச்சிருக்கு."

"ஆறாவது எப்போ தொலைஞ்சுது?"

"அதை எழுதிக்கிட்டு இருக்கோம்."

டெஸ்ஸைப் பையோடு அனுப்பிவிட்டார்கள்.

கழகத்தின் அவசரத்துக்கும் காரணம் இருந்தது. பக்கத்து ஊரான ப்ராடன் ஸ்பா, தன் பார்வையிடங்களின் எண்ணிக்கையில் மார்ல்வெல்லை எட்டிப் பிடித்துவிட்டது. எந்த ஊருக்கு அதிகமோ அந்த ஊரின் பெயர்தான் நெடுஞ்சாலையில் சுற்றுலா இடங்களுக்கு வழிகாட்டும் பழுப்புப் பலகையில் மேலே வரும். மார்ல்வெல்லில் பொத்தான் அருங்காட்சியகம் கூரை ஒழுகி மூடப்பட்டிருந்தது. இளவரசி ஒருத்தி எட்டிப் பார்த்து "ஈரமான ஊர்" என்று சொன்ன ஜன்னலை இரண்டாகப் பிரித்து, உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று கணக்குக் காட்டியும் போதவில்லை. அப்போதுதான் வில்ஃப் வீட்டில் கசிந்தது.

திறப்பு விழாவுக்குக் கழகத் தலைவர் மிஸ்டர் லயனல் ஃபேன்ஷா நேரிலேயே வந்தார். பிறைத் தெருவில், தேன்நிறக் கல்லில் கட்டிய வீடுகளில் ஆகப் பெரியதைக் கழகம் தன் தலைவருக்கென்று ஒதுக்கியிருக்கிறது. அந்த வீட்டில் வாழ்கிறவருக்கு உரிய பெரிய முகம் அவருக்கு. வில்ஃபின் பாத்திரம் கழுவும் தொட்டிமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஒலிபெருக்கியில் பேசினார்.

"நண்பர்களே, பார்வையிடம்னா என்ன? பாக்கறதுக்கு அங்க ஏதாவது இருக்கணும்னு சிலர் நெனைக்கிறாங்க. அது பழைய காலத்துச் சிந்தனை. நம்ம மண்டபத்து ஊற்று வத்தி எத்தனையோ வருஷமாச்சு. குழாய்த்தண்ணியில ஒரு கரண்டி பேதி உப்பைக் கலந்துதான் குடுத்துக்கிட்டு இருக்கோம். இது நமக்குள்ள இருக்கட்டும். யாராவது குடிக்காம திரும்பிப் போனாங்களா? இல்ல. ஏன்னா, அவங்க வரிசையில நின்னுட்டாங்க. நின்னவங்களுக்கு எதைக் குடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும். வரிசை நிக்கிற இடம் பார்வையிடம். இதுதான் கழகத்தோட முதல் விதி. அது யாரோட வாசல்னு நாங்க பாக்க மாட்டோம். ஏழை வாசலா, பணக்காரர் வாசலான்னு பாக்க மாட்டோம். வரிசை நின்னுட்டா, அது ஊருக்குச் சொந்தம்."

எல்லோரும் கைதட்டினார்கள். வில்ஃபும் தட்டினார். சுற்றிலும் தட்டும்போது சும்மா இருப்பது நன்றாக இருக்காது என்று அவருக்குப் பட்டது.

எந்தப் பார்வையிடத்திலிருந்தும் நினைவுப்பொருள் கடை வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்பது இரண்டாவது விதி. வில்ஃப் மறுநாள் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பியபோது முன்னறையில் கட்டிலைக் காணவில்லை. அங்கே முட்டை வாசனை சோப்பும், அவர் வீட்டுத் தொட்டியின் படம் போட்ட கைத்துண்டுகளும் அடுக்கியிருந்தார்கள்.

"கட்டில் எங்கம்மா? அது என் மனைவிக்கு. அவ வீட்டுக்கு வரணும்."

"தூக்கிப் போடலை மிஸ்டர் டேப்லி. கொல்லையில பத்திரமா வச்சிருக்கோம். தார்ப்பாய்கூட போட்டிருக்கோம்."

"அவ கொல்லையில படுக்க முடியாதும்மா."

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது," என்றாள் பெனலபி. அதற்கும் பயிற்சி எடுத்திருந்தாள்.

அடுப்படிக்குள் இனி ஊழியர்களுக்கு மட்டும்தான் அனுமதி. டீ போடக்கூட வழியில்லை. வில்ஃப் கெஞ்சிக் கேட்டதில், வீட்டுக்காரர் என்ற வேஷம் காலியாக இருப்பதாகவும், அதற்கு அவரும் நடித்துக் காட்டலாம் என்றும் பெனலபி பெருந்தன்மையாகச் சொன்னாள். தேர்வு செய்ய ஜோலியன் என்ற நாடகக்காரப் பையன் வந்திருந்தான். தலையில் வெள்ளைப் பொய்முடி, காலில் பட்டுக் காலுறை. அவன்தான் பழங்காலத்து ஊற்றுக்காவலன்.

"வாசல்லேருந்து வந்து கெட்டிலை எடுங்க, போதும்," என்றான். "உங்க வீடுன்னு நெனைச்சுக்கிட்டு எடுங்க."

வில்ஃப் வந்தார். கூட்டத்துக்கு நடுவே இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டு, வழி விட்டு, கெட்டிலை எடுத்தார்.

ஜோலியன் உதட்டைப் பிதுக்கினான். "இவர் இந்த வீட்ல இருக்கறவர் மாதிரியே இல்லை. யார் வீட்டுக்குள்ளேயோ தெரியாம புகுந்துட்ட மாதிரி நடக்கறார்."

"அந்தக் கம்பளிச் சட்டையும் ஒத்து வரல," என்றாள் பெனலபி.

அந்த வேஷம் ஒரு பல் டாக்டருக்குப் போனது. வில்ஃபுக்குக் குடியிருப்போர் சலுகைச் சீட்டு கொடுத்தார்கள். வரிசையில் நின்று உள்ளே வந்து, தன் கெட்டிலைக் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, கடை வழியாக வெளியேறி, கொல்லைப்புறம் சுற்றிப் போய் மாடியில் படுத்துக்கொள்வார். கடையைத் தாண்டும்போது தன் தொட்டியின் படம் போட்ட கைத்துண்டு ஒன்றையும் ஒருநாள் வாங்கிவிட்டார். வாங்காமல் போனால் அந்தப் பெண் மனசு சங்கடப்படும் என்று தோன்றியதுதான் காரணம்.

ஆனால் பெரில் வரும் நாள் நெருங்கியது. கடைசியில் துணிந்து, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, மண்டபத்தில் கழகக் குழுவின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். முன்னறையில ஒரு கட்டில் போட இடம் குடுங்க. இல்லேன்னா அவளை இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. அவ அங்க போனா பிழைக்க மாட்டா."

குழு தலையைத் தலையோடு வைத்துக் குசுகுசுத்தது. ஃபேன்ஷாவின் பெரிய முகம் மலர்ந்தது.

"மிஸ்டர் டேப்லி, கழகத்துக்கு இதயம் கிடையாதுன்னு யாரும் சொல்லக்கூடாது. யோசிச்சுப் பாருங்க. இது நோயாளிங்களால உருவான ஊர். ஆனா இன்னைக்கு நம்மகிட்ட ஒரு நோயாளிகூட காட்டறதுக்கு இல்ல. எவ்வளவு பெரிய குறை. உங்க மனைவி முன்னறையில தாராளமா படுத்துக்கட்டும். பத்து மணிலேருந்து நாலு மணி வரைக்கும், லேஸ் வச்ச தொப்பி போட்டுக்கிட்டு."

"அவளுக்கு இடுப்புதான் ஐயா. தலையில ஒண்ணும் இல்ல."

"அப்பப்போ இருமினா போதும்," என்றாள் பெனலபி. "இடுப்பு வலி பாக்கறவங்களுக்குத் தெரியாது. இருமல்தான் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரும்."

வில்ஃப் நன்றி சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான், எதற்கு நன்றி சொன்னோம் என்று அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

ஆஸ்பத்திரியில் பெரில் தலையணைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் கன்னத்தில் முத்தமிடக் குனிந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"என்ன வில்ஃப், குளிக்கறதையே விட்டுட்டியா? முட்டைக்கூடைக்குள்ள படுத்த மாதிரி நாறற."

இத்தனை நாள் மறைத்து வைத்ததையெல்லாம் அவர் கொட்டித் தீர்த்தார். பெரில் குறுக்கே பேசவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டால் வில்ஃபுக்கு எப்போதுமே பயம்.

"ஆக, என் கட்டில் கொல்லையில."

"தார்ப்பாய் போட்டிருக்காங்க."

"என் அடுப்படியில ஒரு பல் டாக்டர் நீயா நடிக்கறான்."

"நல்லாத்தான் பண்றார். உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே மாடிப்படியைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கறார், பாரு..."

"வில்ஃப்."

"சரி."

"நான் லேஸ் தொப்பி போட்டுக்கிட்டு, லீட்ஸ்காரங்க முன்னால இருமணும். இதைக் கேட்டுட்டு நீ அந்த ஃபேன்ஷா மூஞ்சியில எதை வீசினே?"

"நன்றி சொன்னேன்."

பெரில் அவர் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். "உன்னைக் கட்டிக்கிட்டப்பவே எங்க அம்மா சொன்னா, இந்த ஆளுக்கு எதிர்த்துப் பேச வாய் கிடையாதுன்னு. அது ஒரு வசதின்னு நெனைச்சுத்தான் கட்டிக்கிட்டேன்."

செவிலி வந்து, வீட்டில் கட்டில் தயாரா என்று கேட்டாள். "போட்டாச்சு," என்றாள் பெரில். எங்கே போட்டிருக்கிறது என்று செவிலி கேட்கவில்லை.

அடுத்த நாள் வாடகைக் கார் அவர்களைச் சந்து முனையில் இறக்கிவிட்டுப் போனது. தூறிக்கொண்டிருந்தது. பெரில் நடைச்சட்டத்தை ஊன்றி நிமிர்ந்து பார்த்தாள். தன் வீட்டு வாசலிலிருந்து சந்து முனை வரை குடைகள். மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒரு தொண்டர் புன்னகையோடு வந்தார்.

"வரிசை அங்க முடியுது. அங்க போய் நில்லுங்க."

"இது எங்க வீடுங்க," என்றார் வில்ஃப்.

"வர்ற எல்லாரும் அப்படித்தான் உணரணும்னு கழகம் ஆசைப்படுது சார்."

வில்ஃபுக்குக் கண் எரிந்தது. எத்தனை கிழவிகள் கைப்பிடியைப் பிடித்து ஏறி உட்காரும் வரை வண்டியை எடுக்காமல் காத்திருந்திருப்பார். இன்று தன் மனைவி மழையில், தன் வாசலில். முன்னால் போய் ஜனங்களிடம் வழிவிடச் சொல்லிக் கேட்டுவிடுவது என்று ஒரு அடி எடுத்து வைத்தார். பெரில் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம். வரிசைக்கு நடுவுல புகுந்தவன்னு பேர் வாங்கிக்கிட்டு இந்த ஊர்ல நான் இருக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

கோடியில் போய் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னாலும் ஆட்கள் வந்து நின்றார்கள். ஊற்றுக்காவலன் டீ குடிக்கப் போயிருந்ததால் வரிசை நகரவே இல்லை. பெரிலின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. வில்ஃப் தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டார். அவள் முன்னால் நின்றவரின் முதுகைத் தட்டினாள்.

"ஏங்க, உள்ள என்னங்க இருக்கு?"

"தெரியலைங்க. வரிசை இருந்துச்சு, நின்னுட்டேன்."

"அவருக்கு முன்னால நிக்கறவருக்குத் தெரியுமா?"

"அவரும் என்னைத்தான் கேட்டாரு."

பெரில் அவர் பக்கம் திரும்பி, "வில்ஃப்," என்றாள். "அன்னைக்கு விழாவுல அந்த ஃபேன்ஷா என்ன சொன்னான்னு சொன்னே? யாரோட வாசல்னு பாக்க மாட்டோம்னுதானே?"

"ஆமா. முதல் விதி."

"அவன் வீடு எங்க இருக்கு?"

"பிறைத் தெரு. இந்தத் திருப்பத்துக்கு அப்புறம்."

"டாக்டர் என்னை தினம் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கார்," என்று பெரில் நடைச்சட்டத்தைத் திருப்பினாள்.

இருவரும் மெதுவாக நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள், அப்பாடா, வரிசை நகர்ந்துவிட்டது என்று நினைத்து, ஒரு கை இடைவெளி விட்டுப் பின்னாலேயே வந்தார்கள். பெரில் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபேன்ஷா வீட்டுக் கறுப்புக் கதவின் முன்னால் போய், மணியை அடிக்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வில்ஃப் அவள் பின்னால் நின்றார். மற்றவர்கள் அவர் பின்னால் நின்றார்கள். சந்தில் முன்னால் நின்றிருந்தவர்கள், பின்பாதி வேறு எங்கேயோ போவதைப் பார்த்து, தங்களுக்குத் தெரியாத நல்லது ஏதோ அங்கே இருக்கிறது என்று அவசரமாக வந்து சேர்ந்துகொண்டார்கள். மஞ்சள் சட்டைத் தொண்டரும் வந்து, ஒழுங்குக்காகக் கம்பம் நட்டுக் கயிறு கட்டினார்.

பெனலபி ஓடி வந்தாள். வரிசையைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவள் நேர்மையான பெண். விதியை மனப்பாடமாகக் கற்றவள். கதவைத் தட்டி, உள்ளே இருந்த வேலைக்காரியைத் திறக்கச் சொன்னாள். அடுத்த வேலையாக, கடை எங்கே வைப்பது என்று முன்னறையை எட்டிப் பார்த்தாள்.

கதவு திறந்ததும் பெரில் ஓரமாக விலகி, பின்னால் நின்ற அம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க முதல்ல போங்கம்மா. நாங்க இன்னொரு நாள் பாத்துக்கறோம்."

விருந்து முடிந்து குடையோடு திரும்பி வந்த லயனல் ஃபேன்ஷா, தன் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன வரிசை இது?"

"தெரியலை சார். பின்னால போய் நில்லுங்க," என்றார் தொண்டர். அவர் புதிதாகச் சேர்ந்தவர், தலைவரைப் பார்த்ததில்லை.

"இது என் வீடு."

"எல்லாரும் அப்படித்தான் உணரணும்னு கழகம் ஆசைப்படுது சார்."

ஃபேன்ஷா கயிற்றைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினார். வரிசையில் நின்ற அத்தனை தலைகளும் திரும்பின. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர் மட்டும் லேசாகத் தொண்டையைச் செருமினார். மார்ல்வெல்லில் அதற்குமேல் யாரையும் அவமானப்படுத்த முடியாது. தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டு, கழகத் தலைவர் வரிசையின் கோடிக்குப் போனார்.

தெருமுனையிலிருந்து அதைப் பார்த்த வில்ஃபுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், நனையறார்," என்றார்.

"குடை வச்சிருக்கான். வா," என்றாள் பெரில்.

குதிரைலாயச் சந்து வெறிச்சென்று கிடந்தது. அடுப்படியில் ஜோலியன் பொய்முடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாகச் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். வரிசையில்லாத இடம் பார்வையிடம் அல்ல. அதுவும் அதே விதிதான். கட்டிலின் ஒரு பக்கத்தை அவன் பிடித்துக்கொண்டான், மறுபக்கத்தை வில்ஃப் பிடித்துக்கொண்டார். போர்வை ஈரமாக இருந்ததால் அடுப்பு முன்னால் காயப்போட்டார்கள். அடுத்த நாள் டெஸ் வந்து, டீக்கடையிலிருந்து வந்த உடைந்த சாக்கடையை அடைத்தான். கற்பாளத்தைத் திரும்பப் பதிக்கும் முன்பு மேவிஸின் நாணயத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஆறாவது ஊற்று அத்தோடு மறுபடியும் தொலைந்துபோனது.

பழுப்புப் பலகையில் இப்போது மார்ல்வெல்தான் மேலே இருக்கிறது. பிறைத் தெரு வரிசை நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறதாம். ஃபேன்ஷாவுக்குக் குடியிருப்போர் சலுகைச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள்.

பெரில் நடைச்சட்டத்தை விட்டுவிட்டுக் கைத்தடியோடு நடக்கத் தொடங்கிய அன்று, அடுப்படி மேஜையில் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிறைத் தெரு வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்றார் வில்ஃப். "வெளியூர்லேருந்தெல்லாம் வந்து நிக்கறாங்களாம்."

"அந்த வீட்ல அப்படி என்ன காட்டறாங்களாம்?"

"உள்ள ஒண்ணும் இல்லையாம். தன் வீட்டுக்குள்ள போக முடியாம ஒரு மனுஷன் வாசல்ல நிக்கறானாம். அதைப் பாக்கத்தான்."

பெரில் கெட்டிலை எடுத்து அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் வெந்நீரை ஊற்றினாள்.

"அதை நாமதான் முதல்லயே பாத்துட்டோமே," என்றாள்.